ஐந்து கால் வண்டும் பொறியன் செடியும்

என்னுடைய வண்டுக்கு ஐந்து கால்கள்தான். ஆறாவது காலையும் கீறச் சொல்லி வேலணையில் எங்கள் ஊர் வாசிகசாலைத் தலைவர் இரண்டு கிழமை என்னோடு மல்லுக்கட்டினார். அவர் தெற்கில் ஒரு பட்டினத்தில் பல வருடம் கடை நடத்திவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். கடை மேசையில் இருந்தபடி தான் சொன்னதெல்லாம் சட்டமாக இருந்து பழகியவர். நான் நயினாதீவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவள். என்னுடைய வகுப்பில் நான் சொல்வதுதான் சட்டம். இரண்டு சட்டமும் வாசிகசாலை மதிலடியில் வந்து முட்டிக்கொண்டன.

"வண்டுக்கு ஆறு கால் பிள்ளை. சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும்."

"எனக்கும் தெரியும் அண்ணை. ஆனா அந்த ஆள் கண்ட வண்டுக்கு அஞ்சுதான் இருந்திருக்கு. ஒண்டு முறிஞ்சு போச்சு. கண்டதைத்தான் கீறியிருக்கிறார்."

"அப்ப முறிஞ்ச காலை நீர் ஒட்டிவிடும். புண்ணியமாப் போகும்."

அந்த ஆள் யார் என்பது எனக்கும் தெரியாது, தலைவருக்கும் தெரியாது. முந்நூறு வருடத்துக்கு முந்தி, டச்சுக்காரர் என்கிற ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் தீவுகளில் சுற்றித் திரிந்து வண்டுகளையும் காட்டுச் செடிகளையும் வர்ணத்தில் கீறிவைத்த ஒருவர். கையெழுத்துப் போடாமல் போய்விட்டார். அவருடைய படங்கள் ஒல்லாந்து நாட்டில் ஒரு நூதனசாலைப் பெட்டிக்குள் கிடந்து, போன வருடம்தான் இணையத்தில் ஏறின. அந்த நாட்டில் குடியிருக்கிற எங்கள் ஊரார் ஒருவர் படங்களின் கீழே தமிழ் எழுத்தைக் கண்டுவிட்டு, ஊர் வாட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போட்டார்.

நான் அதைத் திறந்து பார்த்தது வள்ளத்தில். பள்ளிக்கூடம் முடிந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். கச்சான் காற்று, வள்ளம் ஒரு பக்கம் சரிந்து சரிந்து வந்தது. முதல் படம் அடம்பன் கொடி. சாட்டிக் கடற்கரையில் சுற்றுலா வருகிறவர்கள் மேலே பாயைப் போட்டுச் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிற அதே அடம்பன் கொடி. அதன் ஒரு இலையில், பொன் உருக்கி ஒரு துளி விட்ட மாதிரி, சின்ன ஆமை வண்டு ஒன்று. நான் என்னை மறந்து ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா எனக்குச் சத்தி வரப்போகிறது என்று நினைத்து அவசரமாக ஒரு சொப்பின் பையை விரித்து என் வாய்க்கு நேரே பிடித்தார். அந்தப் பைக்குள் குனிந்து நான் சிரித்த சிரிப்பில் அவர் இன்னும் பயந்துபோனார்.

எனக்கு இந்த வியாதி சின்ன வயதில் இருந்தே இருக்கிறது. சந்தோசம் வந்தாலும் சிரிப்பு, பயம் வந்தாலும் சிரிப்பு. செத்த வீட்டில் இருந்துகூட இரண்டு தடவை என்னை வெளியே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எருக்கலை, நாயுருவி, கொவ்வை, முசுட்டை. நான் தினமும் சீலைக் கரையில் ஒட்டிக்கொண்டு வந்து வாசலில் தட்டிவிடுகிற நாயுருவிக்கு ஒருவர் வேர் முதல் விதை வரைக்கும் மரியாதை செய்திருந்தார். எருக்கலை இலையில் பூச்சி அரித்த ஓட்டை அப்படியே இருந்தது. ஓட்டைக்கு உள்ளே தெரிகிற பின் இலையின் நிழலையும் விடவில்லை. சாணி உருட்டுகிற வண்டைக்கூட அது ஏதோ தேர் இழுக்கிற மாதிரி அவ்வளவு பக்தியோடு கீறியிருந்தார். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. காதல் வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது நாற்பத்து மூன்று வயதில், செத்துப்போன ஒரு மனிதரின் சாணி வண்டைப் பார்த்து வந்தது.

அந்தக் கிழமைதான் வாசிகசாலையின் றோட்டுப் பக்க மதிலுக்கு என்ன செய்வது என்று கூட்டம் வைத்தார்கள். நாரந்தனைப் பக்கம் போகிற எல்லா வாகனமும் அந்த மதிலைத் தாண்டித்தான் போகவேண்டும். தலைவர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் ஒரு நீளமான பனர் அடிப்பித்துக் கட்டுவது. அதில் சூரிய உதயம், திறந்த புத்தகம், மேலே பறக்கிற புறா. நான் எழும்பி, கையால் வர்ணத்தில் கீறுவோம், ஒல்லாந்தர் காலத்துப் படங்களில் ஏழு படங்களைப் பெரிதாகக் கீறி அந்தந்தப் படத்தின் கீழே செடியின் பெயரை எழுதுவோம், நானே கீறித் தருகிறேன் என்றேன்.

எனக்கு அந்த மதில் வேண்டும். இதை மறைத்துக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. இருபது வருடமாகச் சித்திரம் படிப்பிக்கிறேன். பரிசளிப்பு விழாக்களுக்கு நான் கீறிய மேடைத் திரைகள் அடுத்த நாளே கழற்றப்பட்டு, மழைக்கு எதையாவது மூடப் போய்விடும். நிலைத்து நிற்கிற என்னுடைய ஒரே படைப்பு பள்ளிக்கூடக் கழிப்பறைக் கதவில் இருக்கிறது: ஒரு கதவில் மீசை, மறு கதவில் கொண்டை. ஒரு தடவையாவது நான் கீறியது கழுவப்படாமல், கழற்றப்படாமல், எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

தலைவர் கனநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"சரி, கீறும். ஆனா இது வாசிகசாலை. படிச்ச சனம் வந்து போற இடம். ஒரு பிழை, ஒரேயொரு பிழை ஆரும் காட்டினாலும் மேல பனரை அடிப்பன். பிறகு கண்ணைக் கசக்கப்படாது."

"ஓம் அண்ணை," என்றேன். பிழை பிடிப்பது ஐந்து காலில் தொடங்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஐந்து கால் சண்டை முடிந்ததும் இலை ஓட்டைச் சண்டை வந்தது. "முழு இலையா, வடிவாக் கீறும். ஓட்டை இலையைப் பாக்கிறவை ஊரில தண்ணி இல்லை எண்டு நினைப்பினம்," என்றார் தலைவர். ஊரில் உண்மையிலேயே தண்ணீர் இல்லைத்தான். ஆனால் அதைச் சொல்லவில்லை. கண்டதைக் கண்டபடி கீறுவதுதான் இந்த வேலையின் நேர்மை, அந்த மனிதர் இல்லாத காலை வைக்கவும் இல்லை, இருந்த ஓட்டையை அடைக்கவும் இல்லை என்று ஏணியில் நின்றபடியே ஒரு பிரசங்கம் வைத்தேன். றோட்டால் போன மூன்று சைக்கிள்கள் நின்று கேட்டன. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ஓட்டை தப்பியது.

இன்னொரு படத்தில் இருந்த பொன்வண்டுதான் என்னைப் படாத பாடு படுத்தியது. அதன் முதுகுப் பச்சை எந்தப் பெயின்ற் கடையிலும் இல்லை. கடைக்காரர் எடுத்துத் தந்த பச்சையெல்லாம் கேற்றுக்கு அடிக்கிற பச்சை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. 'மினுங்கும் பச்சை நகப்பூச்சு வேண்டும், எவ்வளவு கிடைத்தாலும் அனுப்புங்கள்' என்று ஊர்க் குழுவில் போட்டேன். கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து முந்தி வந்து இறங்கியவர்கள் எல்லோருடைய பெட்டியிலும் எனக்கென்று ஒரு குட்டிப் போத்தல் இருந்தது. ரீச்சருக்குக் கலியாணமோ என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். ஓம், ஒரு வண்டோடு என்று பதில் போட்டேன். அந்த நகப்பூச்சை நீலத்தின் மேலே தடவித் தடவி, காலை வெயில் மதிலில் விழுகிற நேரத்தில் பார்த்தால் வண்டு அசைகிற மாதிரி இருந்தது. அதைப் பார்க்கவே நான் பள்ளிக்கூடத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிடுவேன்.

இனி ஏழாவது படம்.

ஏழாவது படத்தில் ஒரு குள்ளச் செடி. இலை முழுக்க மஞ்சள் புள்ளி. அதே புள்ளி அதே மஞ்சளில், இலையில் இருந்த ஒரு கறுப்பு வண்டின் முதுகிலும் இருந்தது. மற்றப் படங்களின் கீழே இரண்டு வரி உண்டு: மேலே ஒல்லாந்து எழுத்து, கீழே யாரோ உள்ளூர்க்காரர் எழுதிக் கொடுத்த தமிழ். இதில் மட்டும் ஒல்லாந்து வரி இல்லை. தமிழ் வரி மட்டும். கீறிக் கீறிக் களைத்துப்போய் மனிதர் மேல் வரியை மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அந்தக் காலத்துக் கையெழுத்தில் புள்ளி வைக்கமாட்டார்கள். அடம்பன் என்பது 'அடமபன' என்று இருக்கும். கொம்பிலும் குறில் நெடில் வித்தியாசம் இல்லை. 'கெ'க்கும் 'கே'க்கும் ஒரே கொம்புதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆறு பெயரை வாசித்து முடித்த தெம்பில் ஏழாவதையும் வாசித்தேன். ஒரு கொம்பு, ப, பக்கத்தில் ஒரு கால். அது 'பொ'. அடுத்து 'றி'. பிறகு 'ய', 'ன'. பொறியன்! இலை முழுக்கப் பொறிபொறியாகப் புள்ளி இருக்கிற செடிக்கு வேறென்ன பெயர் இருக்க முடியும்? என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

'ய'வுக்கு முன்னால் இன்னொரு கொம்பு நின்றது. கொஞ்சம் உறுத்தியது. பாவம், பழைய காலத்து மனிதர், எழுத்துப் பிழை விட்டுவிட்டார் என்று அவரை மன்னித்தேன். மன்னித்து, கொம்பை விட்டுவிட்டு, ஒரு அடி உயர எழுத்தில் 'பொறியன்' என்று மதிலில் எழுதினேன். படமெடுத்துக் குழுவிலும் போட்டேன்.

பத்து நிமிடத்துக்குள் உலகமே பொறியனை நினைத்து உருகத் தொடங்கியது. கனடாவில் இருந்து ஒருவர்: "ஐயோ பொறியன்! எங்கட வளவுக்குள்ள கிணத்தடியில நிண்டது." லண்டனில் இருந்து ஒரு அக்கா, மூட்டு வலிக்கு அதை அவித்துக் குளித்தால் நல்லது என்று எழுதினார். இல்லை, அது மூட்டு வலிக்கு இல்லை, தலையில் நீர்க்கோர்வைக்கு என்று அவருடைய சொந்தத் தமையன் பாரிஸில் இருந்து மறுத்தார். இருவரும் அதற்காக ஒரு நாள் முழுக்கக் கதைக்காமல் இருந்தார்கள். ஆடு தின்றால் பால் கசக்கும் என்றார் ஒருவர். எல்லாவற்றுக்கும் மேலே தலைவர் குரல் பதிவு போட்டார். அவருடைய அம்மா பொறியன் கொழுந்தை ஆய்ந்து தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் சேர்த்துச் சம்பல் போடுவாராம். அந்தச் சம்பலுக்காகவே தான் கடையைப் பூட்டிவிட்டு ரயில் ஏறி ஊருக்கு வந்திருக்கிறாராம்.

எனக்கு மனம் குளிர்ந்துபோனது. நான் எழுதிய ஒரு சொல் இவ்வளவு பேருடைய நாக்கில் ஊறுகிறதே என்று வானத்தில் நடந்தேன். ஒரேயொரு விசயம் மட்டும் விளங்கவில்லை. நான் அந்தச் செடியைத் தேடி வேலணை முழுக்க வேலியும் வரம்பும் ஏறி இறங்கினேன். எங்கும் காணவில்லை. கேட்ட இடமெல்லாம், போன மாரிக்குக்கூட இஞ்ச நிண்டது ரீச்சர் என்று கை காட்டினார்கள்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பின்னேரம், மதிலில் கடைசித் தூரிகை வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு அக்கா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பக்கத்து ஊர் மாதா கோயில் கந்தோரில் எழுத்து வேலை செய்கிறவர். அவருடைய அப்பாவும் சகோதரங்களும் கடலுக்குப் போகிற ஆட்கள். அவர் மட்டும் தலைமுறைக் கணக்கான பழைய பதிவேடுகளுக்குள் மூழ்கிவிட்டார். வெளிநாட்டில் இருந்து தங்கள் பூட்டன், பூட்டியின் ஞானஸ்நானப் பதிவைக் கேட்கிறவர்களுக்கு, கறையான் விட்டுவைத்த தாள்களைப் பார்த்துப் பிரதி எழுதிக் கொடுப்பார். எனக்கு நல்ல சிநேகிதம். ஏழாவது வண்டின் மஞ்சள் சரியோ என்று பார்க்கச் சொல்லி, மூலப் படத்தைக் கைபேசியில் திறந்து அவரிடம் கொடுத்தேன்.

அவர் மஞ்சளைப் பார்க்கவில்லை. கீழே இருந்த எழுத்தைத்தான் பார்த்தார். பழக்க தோசம்.

"பேரறியேன்," என்று வாசித்தார்.

"என்ன அக்கா?"

"பேர் அறியேன். இந்தச் செடியின்ர பேர் தனக்குத் தெரியாதாம். அதை எழுதி வைச்சிருக்கிறார் பாவம்."

"அது பொறியன் அக்கா."

"எங்க பொறியன்? ய-வுக்கு முன்னால கொம்பு நிக்குதே. அதை என்ன செய்தனீர்?"

"அது... அவர் பிழையா எழுதிப்போட்டார்."

"அவரோ?" என்றார் அக்கா.

நான் ஏணியில் இருந்து இறங்கினேன். அவர் கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்து விரலால் காட்டினார். அந்தக் காலத்தில் காலுக்கும் 'ர'வுக்கும் எழுத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். நான் 'பொ'வின் கால் என்று நினைத்தது உண்மையில் 'ர'. அப்படியென்றால் முதல் எழுத்து 'பே'; அடுத்தது 'ர'; பிறகு 'றி'; கொம்போடு 'யே'; கடைசியில் புள்ளி வைக்காத 'ன்'. நான் மன்னித்த மனிதர் ஒரு பிழையும் விடவில்லை.

"வடிவாத் தெரியுமோ அக்கா?" என்று கெஞ்சுகிற குரலில் கேட்டேன்.

"எங்கட சேமக்காலை அடக்கப் பதிவில இது நிறைய இருக்கு. கடல்ல கரையொதுங்கின ஆக்களைத் தாட்டுப்போட்டு, பேர் எழுதிற இடத்தில இதைத்தான் எழுதி வைச்சிருக்கினம். நான் எத்தினை தரம் வாசிச்சிருப்பன்."

அந்தப் பதிவில் இருக்கிற ஆட்களை நினைத்து எனக்கு நெஞ்சு கனத்தது. பிறகு, அந்தக் கனத்துக்கு நடுவிலே, ஒரு விசயம் மெல்ல மேலே மிதந்து வந்தது.

"அக்கா, தலைவர் அதைச் சம்பல் போட்டுத் திண்டவர்."

"ஐயோ மாதாவே!" என்றார் அக்கா.

அவ்வளவுதான். அக்கா ஸ்கூட்டியின் மேலே சரிந்தார். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். மூட்டு வலிக்கு அவித்துக் குளித்தவர் ஞாபகம் வந்தது, பால் கசந்த ஆடு ஞாபகம் வந்தது. வயிறு நொந்து, கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சு எடுக்க ஏலாமல் கிடந்தோம். கொஞ்சம் அடங்கும், உடனே யாராவது ஒருவர் "கிணத்தடியில நிண்டது" என்போம், திரும்பத் தொடங்கிவிடும். றோட்டால் போன ஒரு ஓட்டோ நின்று, ஆருக்கும் ஏதும் ஆகிவிட்டதோ என்று கேட்டுவிட்டுப் போனது.

சிரித்து முடிந்தபோதுதான் பயம் பிடித்தது. ஒரு அடி உயரத்தில் பிழை. நாளைக் காலை திறப்பு விழா. அந்தப் புறாப் பனர் வாசிகசாலைக்குள் சுருட்டியபடி தயாராக இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

"நான் வாய் திறக்க மாட்டன்," என்றார் அக்கா. "ஆனா நாளைக்கு என்ர முகத்தைப் பாராதையும்."

வீட்டுக்குப் போய், நானும் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்து காலுக்காகவும் இலை ஓட்டைக்காகவும் ஏணியில் ஏறி நின்று நேர்மை பற்றிப் பிரசங்கம் வைத்தவள், சொந்தப் பிழை என்று வந்ததும் வாயை மூடிவிட்டேன். இதை வாசிக்கத் தெரிந்தவர் இந்தத் தீவில் ஒருவர்தான், அவரும் என் சிநேகிதி, பொறியன் இப்போது எல்லோருக்கும் சொந்தம், ஏன் அவர்களுடைய வாயில் மண்ணைப் போடவேண்டும் என்றெல்லாம் எனக்கு நானே நியாயம் சொன்னேன். உண்மையான நியாயம் ஒன்றுதான். மதிலை விட மனம் இல்லை.

காலையில் மாவிலைத் தோரணம், குத்துவிளக்கு, கதிரைகள் நிரம்பச் சனம். பிறகு வந்து சேர்ந்த கனடாக்காரரும் லண்டன் அக்காவும் உட்படத் திருவிழாவுக்கு வந்தவர்கள் பாதி, ஊர்ச் சனம் பாதி. நன்றியுரை சொல்வதற்காக என்னை முன் வரிசையில், மைக்குக்குப் பக்கத்தில் இருத்திவிட்டார்கள். அக்கா மூன்றாவது வரிசையில், முகத்தில் பாதியைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு இருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தலைவர் பேச எழும்பினார். ஒல்லாந்தரில் தொடங்கினார், வண்டுகளை விரைவாகத் தாண்டினார், பொறியனில் வந்து ஊன்றி நின்றார்.

"அந்தச் சம்பலுக்கு ஒரு மெல்லிய கைப்பு இருக்கும். தேசிக்காய்ப் புளி ரெண்டு துளி விட்டா அந்தக் கைப்பு போய், தொண்டையில ஒரு இனிப்பு நிக்கும். அந்த ருசி இப்பவும் என்ர நாக்கில இருக்கு. இண்டைக்கு இருக்கிற பிள்ளையளிட்டப் போய்ப் பொறியன் எண்டா என்னெண்டு கேட்டுப் பாருங்கோ. பேர் தெரியாது. பேர்கூடத் தெரியாது!"

என் பல்லுக்குள் இருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. அதை இருமலாக்கப் பார்த்தேன், ஏலவில்லை. மைக் அதை அள்ளி எடுத்துக் கோயிலடி வரைக்கும் கொண்டுபோனது. மூன்றாவது வரிசையில் இருந்தும் ஒரு சத்தம் வந்தது. அதோடு எனக்குக் கட்டு முழுக்க அறுந்துவிட்டது. சீலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தும் பார்த்தேன். தோள் குலுங்கியது.

தலைவர் பேச்சை நிறுத்தினார்.

"என்ன பிள்ளை? என்ன சிரிப்பு?"

ஒன்றுமில்லை அண்ணை என்று சொல்லியிருக்கலாம். சனம் முழுக்க என்னைப் பார்த்தது. அவர் முகம் கோபத்தில் இல்லை, நொந்துபோய் இருந்தது. அவருடைய அம்மாவைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். அதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி இல்லாத எழுத்து, கால் போல இருக்கிற 'ர', நான் விட்டெறிந்த கொம்பு. "பிழை என்னுடையது. எழுதின மனிசன் சரியாத்தான் எழுதியிருக்கிறார். பேர் தெரியாது எண்டு எழுதியிருக்கிறார்," என்றேன்.

கைபேசியில் மூலப் படத்தைத் திறந்து நீட்டினேன். தலைவர் கைபேசியை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, எழுத்து எழுத்தாகப் பார்த்தார். அக்கா எழும்பி வந்து விரலால் காட்டினார். தலைவர் இரண்டு தடவை வாய்க்குள் வாசித்தார்.

"அப்ப நாங்கள் திண்டது என்ன?" என்று கேட்டார்.

லண்டன் அக்கா தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தலைவர் கைபேசியை என்னிடம் தந்துவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பினார்.

"படம் கீற ஒருத்தர் வந்து, இது என்ன செடி எண்டு கேக்க, ஒருத்தன் எனக்குத் தெரியாது எண்டு சொல்லியிருக்கிறான். சொன்னது மட்டுமில்லை, எழுதியும் குடுத்திருக்கிறான்." கொஞ்சம் நிறுத்தினார். "அவன் எங்கட ஊரான் இல்லை."

கதிரைகள் கவிழ்கிற அளவுக்குச் சிரித்தார்கள். கிணற்றடிக்காரர் எல்லோரையும் விடக் கூடுதலாகச் சிரித்தார். ஆனால் எனக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்ணை, ஒரு பிழை எண்டாலும் பனர் அடிப்பன் எண்டு சொன்னனீங்கள்."

"சொன்னனான்," என்றார். மதிலைப் பார்த்தார், ஐந்து கால் வண்டை மேலும் கீழும் பார்த்தார். "திருத்த எவ்வளவு நேரம் செல்லும்?"

"பத்து நிமிசம்."

"அப்ப ஏறும். திருத்திப்போட்டு இறங்கினீர் எண்டா மதில் உம்முடையது. நான் ஏணியைப் பிடிக்கிறன்."

பட்டுச் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூரிகையோடு ஏறினேன். முதலில் முன் கொம்பின் தலையைச் சுழித்தேன். கீழே இருந்து சனம் ஒருமிக்க வாசித்தது: "போறியன்!" ஆர் போறது, எங்க போறது என்று பின்னால் யாரோ கத்தினார்கள். அடுத்ததாகக் காலின் அடியில் ஒரு இழுப்பு இழுத்து அதை 'ர' ஆக்கினேன். "பேரறியன்!" என்றது சனம்.

"பேரறிஞர் எண்ட மாதிரி இருக்கு," என்றார் கனடாக்காரர்.

ஏணி லேசாக அசைந்தது. தலைவர் நிமிர்ந்து நின்றார்.

"பிள்ளை, இதோட நிப்பாட்டினா என்ன?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏலாது அண்ணை."

கொம்பு வைக்க இடம் போதவில்லை. 'றி'க்கும் 'ய'வுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளிதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லியதாக ஒரு நெடில் கொம்பை நெருக்கி நுழைத்தேன். அது சப்பட்டையாக, சனத்துக்குள் இடித்து ஏறின ஆள் மாதிரி நின்றது. ஆனால் நின்றது. மதில் என்னுடையது. சந்தோசத்தில் ஏணியில் நின்றே கத்தவேண்டும் போல இருந்தது.

கீழே சனம் முழுக்க, சின்னன் பெரிசு என்றில்லாமல், ஒரே குரலில் வாசித்தது.

"பேரறியேன்!"

தலைவருடைய குரல் அதில் இல்லை. நான் குனிந்து பார்த்தேன். இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்தபடி அண்ணாந்து எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. சனத்தின் சத்தம் ஓய்ந்த பிறகு, எல்லோருக்கும் கடைசியாக, தன் பாட்டுக்குச் சொன்னார்.

"பேர் அறியேன்."